'ஹெல்ப்டு' 'லெட்' ஆன கதை: ஏஐ உதவியை ஒளிக்காமல் சொன்ன ஒரு விண்ணப்பம்

2024 நவம்பர் கடைசியில் ஒரு மாணவி தன் எஸ்ஓபியை, அதாவது மேற்படிப்பு விண்ணப்பத்தோடு கொடுக்கும் நோக்கக் கட்டுரையை, எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு செய்தி: "அண்ணா, இங்கிலீஷை மட்டும் சாட்ஜிபிடியில போட்டு சரி பண்ணினேன். ஒரு போர்ட்டல்ல ஏஐ பயன்படுத்தினீங்களான்னு கேள்வி இருக்கு. ஆமான்னு போட்டா தூக்கிடுவாங்களா?"

ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். நல்லவேளை, சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரங்கள் அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பதிலேயே போயின. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டும் விவரங்களையும் அவள் விண்ணப்பித்த துறைகளின் பெயர்களையும் விட்டுவிட்டேன். நான் அட்மிஷன் கமிட்டியில் இருந்தவன் இல்லை. தெரிந்த பிள்ளைகளின் எஸ்ஓபிகளைச் சில ஆண்டுகளாகப் படித்துக் கருத்துச் சொல்லி வருபவன், அவ்வளவே.

பின்னணி

இலைகளின் படங்களை வைத்துப் பயிர் நோயைக் கண்டுபிடிக்கும் ஓர் இயந்திரக் கற்றல் திட்டத்தில் அவள் ஓராண்டு வேலை பார்த்திருந்தாள். அதையொட்டி ஆறு இடங்களுக்கு விண்ணப்பம்: நான்கு முதுநிலை, இரண்டு பிஎச்டி. கடைசித் தேதிகள் எல்லாம் டிசம்பரில். ஆங்கிலத்தில் சரளமாகப் படிப்பாள், தட்டுத்தடுமாறாமல் பேசுவாள். எழுத உட்கார்ந்தால்தான் கை நின்றுவிடும்.

அவளிடம் நான் முதலில் கேட்டது, சாட்ஜிபிடியோடு நடந்த அந்தப் பழைய உரையாடல்களை அழித்துவிட்டாயா என்று. அழிக்கவில்லை. திறந்து தேதிவாரியாகப் பார்த்தோம்.

'இங்கிலீஷ் மட்டும்' என்று அவள் நினைத்திருந்தது உண்மையில் நான்கு வேலைகள். அக்டோபர் தொடக்கத்தில், எஸ்ஓபியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஒரு சீனியரைக் கேட்பது போலத்தான் அது. அப்புறம், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தானே எழுதிய இரண்டு பக்கங்களைக் கொடுத்து, முழுவதையும் ஆங்கிலத்தில் ஆக்கச் சொல்லியிருக்கிறாள். அடுத்து, "இதை இன்னும் புரொஃபஷனலாக மாற்று" என்று வந்த வரைவையே திரும்பத் திரும்ப மூன்று முறை கொடுத்திருக்கிறாள். கடைசியாக, ஆயிரம் சொற்களுக்குள் சுருக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் நினைவில் தங்கியிருந்தது அந்த 'புரொஃபஷனல்' வேலை ஒன்றுதான், அதுவும் ஒரே ஒரு முறை செய்ததாக. அவள் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு ராத்திரிகளில், வெவ்வேறு மனநிலையில் செய்தவற்றை மனசு ஒரே வேலையாகச் சுருட்டி வைத்துக்கொள்கிறது.

ஒரு வினைச்சொல்

அவளுடைய முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம்.

எந்தப் படத்தில் நோய் இருக்கிறது என்று படங்களுக்கு லேபிள் போடும் வேலையில் மூன்று பேரில் ஒருத்தியாக உதவினேன் என்று முதலில் எழுதியிருந்தாள். வினைச்சொல் 'ஹெல்ப்டு'. முதல் முறை மெருகேற்றியபோது அது 'காண்ட்ரிபியூட்டட்' ஆகியிருந்தது. இரண்டாம் முறை 'கோஆர்டினேட்டட்', ஒருங்கிணைத்தேன். மூன்றாம் முறை 'லெட்', தலைமை தாங்கினேன். மூன்றே சுற்றில் உதவியாளர் தலைவியாகிவிட்டாள்.

ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். 'உதவினேன்' என்பதற்கும் 'பங்களித்தேன்' என்பதற்கும் இடையே யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதனால்தான் அவள் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு முறையும் முந்தின வரைவோடு ஒப்பிட்டாளே தவிர, நடந்ததோடு ஒப்பிடவில்லை. 'லெட்' என்று எழுதிய பிறகு அது மொழித் திருத்தம் என்ற எல்லையைத் தாண்டித் தகவல் ஆகிவிடுகிறது, அதுவும் தப்பான தகவல். அவளுடைய கைடு பரிந்துரைக் கடிதத்தில் 'மூவரில் ஒருவர்' என்று எழுதினால், அதே கோப்பில் இருக்கும் இரண்டு தாள்கள் ஒன்றையொன்று மறுக்கும்.

இன்னொரு மாற்றம் எனக்கு இதைவிட வருத்தமாக இருந்தது. முதல் வரைவில் இலக்கணப் பிழைகளோடு ஒரு பத்தி இருந்தது. காலையில் எடுத்த படங்களில் பனித்துளியின் பளபளப்பை மாடல், அதாவது படம் பார்த்து நோயைச் சொல்லக் கற்ற அந்த நிரல், நோய்ப் புள்ளி என்று எடுத்துக்கொண்டது. அதை முதலில் கவனித்தவள் அவள்தான். படம் எடுத்த நேரத்தை வைத்துப் பிரித்து ஓட்டிப் பார்த்து, காலைப் படங்களில்தான் தப்பு குவிகிறது என்று காட்டியிருக்கிறாள். அந்த ஓராண்டில் அவள் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று சொல்வேன். கடைசி வரைவில் அந்தப் பத்தி, தரவின் தரத்தைக் கறாரான முறைகளால் உறுதிசெய்தேன் என்று பொருள்படும் ஒற்றை வாக்கியமாகச் சுருங்கியிருந்தது. சொல் வரம்புக்காக வெட்டியதில் பனித்துளி போய், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம் தங்கிவிட்டது. இதில் வியப்பு ஒன்றுமில்லை. அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல் எது என்று கணக்கிட்டு எழுதும் கருவிக்கு, ஆயிரக்கணக்கான எஸ்ஓபிகளில் வரும் வாக்கியம்தான் பாதுகாப்பான வாக்கியம்.

அன்றைய நிலையில் "மொழித் திருத்தத்துக்கு மட்டும் ஏஐ பயன்படுத்தினேன்" என்று போர்ட்டலில் எழுதியிருந்தால், அந்த வெளிப்படையான அறிவிப்பே பொய்யாகியிருக்கும். நல்ல எண்ணத்தோடு சொன்ன பொய். சொல்லலாமா கூடாதா என்றுதான் எல்லோரும் விவாதிக்கிறார்கள். இங்கே சிக்கல் அதற்கு ஒரு படி முன்பே இருந்தது. என்ன நடந்தது என்பது செய்தவளுக்கே தெரியவில்லை.

டிடெக்டர் பயம்

நடுவில் அவள் எனக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். ஒரு கட்டுரையை எழுதியது மனிதரா ஏஐயா என்று சொல்லும் டிடெக்டர் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்க, அதில் இரண்டு வரைவுகளையும் போட்டுப் பார்த்தாள். தானே எழுதிய பகுதிகள் ஏஐ எழுதியவை என்று வந்தது. சாட்ஜிபிடி மெருகேற்றியது மனிதர் எழுதியது என்று வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு அழைத்தாள்.

இது அபூர்வமான விபத்து இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதைத்தான் காட்டியது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் ஓட்டினார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அவை ஏஐ எழுதியவை என்று முத்திரை குத்தின. அதே கட்டுரைகளின் சொல்வளத்தைக் கூட்டச் சொல்லிச் சாட்ஜிபிடியிடம் கொடுத்த பிறகு, பழி வெகுவாகக் குறைந்தது. காரணம் எளிது. அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதே இந்தக் கருவிகளின் முக்கியமான அளவுகோல். கற்றுக்கொண்ட மொழியில் எழுதுபவர் தெரிந்த சொற்களையே பிடித்துக்கொண்டு எழுதுவார். ஊகிப்பது சுலபம், மாட்டுவதும் சுலபம்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குற்றம் சாட்டியது என்பது அவர்களே சொன்ன கணக்கு. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ டிடெக்டரை அணைத்தது. 2022-இல் தங்களிடம் வந்த 75,000 தாள்களில் 1 விழுக்காடு தவறு என்றாலும் 750 பேர் மேல் வீண்பழி விழுந்திருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டு, அந்தத் தளத்தை மூடச் சொன்னேன். டிடெக்டருக்குப் பயந்து ஏஐ உதவியைச் சொல்வதும் தப்பு, டிடெக்டர் பிடிக்காது என்ற தைரியத்தில் மறைப்பதும் தப்பு. நடந்ததை விட்டுவிட்டு ஒரு மோசமான கருவியின் தீர்ப்பைப் பற்றி யோசிக்க வைத்துவிடும் இரண்டுமே.

ஆறு படிவங்கள்

ஆறு இடங்களின் விதிகளையும் ஒரு தாளில் எழுதினோம். ஓரிடம் முழுத் தடை, கையெழுத்தோடு. ஓரிடத்தில் ஆம், இல்லை என்ற கேள்வியும், ஆம் என்றால் விளக்க ஒரு சின்னப் பெட்டியும். ஓரிடத்தில் யோசனைக்கும் பிழைதிருத்தத்துக்கும் அனுமதி, எழுதக் கூடாது. இன்னோரிடத்தில் படிவத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் பல்கலைக்கழகத்தின் பொது நெறிமுறைப் பக்கத்தில் ஒரு வரி. மீதி இரண்டிலும் மௌனம்.

இந்தக் குழப்பம் உலகளாவியது. 2023 ஜூலையில் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, விண்ணப்பக் கட்டுரை எழுத ஏஐ கூடாது என்று தடை போட்டது. அதே மாதம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, பயன்படுத்தலாம், எழுதியது உண்மை என்று உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றது. இதில் வேடிக்கை, 2025-இல் அதே மிச்சிகன் கல்லூரி, ஏஐயை வைத்தே எழுத வேண்டிய ஒரு விருப்பக் கட்டுரையைத் தன் விண்ணப்பத்தில் சேர்த்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பமான ஆம்காஸ், யோசிக்கவும் பிழைதிருத்தவும் செம்மைப்படுத்தவும் ஏஐயைப் பயன்படுத்தலாம், ஆனால் இறுதியில் அனுப்புவது உங்கள் சொந்த வேலையாக இருக்க வேண்டும் என்கிறது.

எங்களுக்கு அதிகம் உதவியது, இளநிலை விண்ணப்பதாரர்களுக்காகக் கால்டெக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் எழுதி வைத்திருக்கும் வழிகாட்டல். ஏஐயிடம் கேட்கும் அதே வேலையை நம்பகமான ஒரு பெரியவரிடம் கேட்டால் அது நியாயமாக இருக்குமா என்று யோசித்துப் பார் என்கிறது அது. இலக்கணம் பார்ப்பது சரி என்ற பட்டியலில் இருக்கிறது. வேறு மொழியில் எழுதிய கட்டுரையை மொழிபெயர்க்கச் சொல்வது சரியில்லை என்ற பட்டியலில் இருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "நான் யோசிச்சதைத்தானே அண்ணா மாத்திக் குடுத்துச்சு?" எனக்கும் அந்த விதி முழுக்க ஏற்பில்லை. யோசனை சொந்தம், மொழி கடன் என்பது அவ்வளவு பெரிய குற்றமா? ஆனால் படிக்கப்போகும் இடத்தில் வாராவாரம் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். எழுதக்கூடிய ஆள்தானா என்று பார்க்கவும்தான் எஸ்ஓபி கேட்கிறார்கள்.

கடைசி வரைவை அப்படியே தூக்கிப் போட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே எடுத்த முடிவு. முதல் வரைவை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியையும் போனில் ஆங்கிலத்தில் பேசிப் பதிவுசெய்து, அதைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். ஒன்பது நாள் ஆனது. பனித்துளி இரண்டாவது பத்திக்கு வந்தது. லேபிள் வேலையில் 'ஹெல்ப்டு' திரும்பவும் உட்கார்ந்தது. அனுமதி இருந்த இடங்களுக்கு மட்டும் சாட்ஜிபிடியிடம் கொடுத்தாள், இந்த முறை வேறு கட்டளையோடு: "எதையும் திருத்தாதே. இலக்கணப் பிழை எந்த வாக்கியத்தில் என்று மட்டும் சொல்." பிழைகளைத் தானே திருத்தினாள். சில இடங்களில் அது பிழை என்றதைப் பிழையில்லை என்று விட்டுவிட்டாள்.

தடை இருந்த இடம் ஒரு தலைவலி. புதிய வரைவில் ஏஐ கை படவில்லை. ஆனால் அக்டோபரில் கேட்ட யோசனைகள் மண்டைக்குள் இருக்கின்றனவே, கையெழுத்துப் போடலாமா? அட்மிஷன் அலுவலகத்துக்கே நடந்ததைச் சொல்லி நான்கு வரி மின்னஞ்சல் எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது: அனுப்பும் கட்டுரை நீங்கள் எழுதியது என்றால் கையெழுத்திடலாம். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். கேட்காமல்தான் பாதிப் பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

மௌனமான இரண்டு இடங்களுக்கு எதுவும் எழுத வேண்டாம் என்றேன். கேட்காத இடத்தில் பிழைதிருத்த உதவியை வலியச் சொல்வது, அகராதி பார்த்ததைச் சொல்வது மாதிரி. கேட்டால் மறைக்காதே, அது போதும்.

பெட்டிக்குள் என்ன எழுதுவது

அந்தச் சின்னப் பெட்டிக்கு மூன்று வரைவுகள் ஆயின. முதலாவது மன்னிப்புக் கடிதம். ஆங்கிலம் என் தாய்மொழி இல்லை, நேரம் குறைவு, இனி இப்படி நடக்காது என்ற தொனி. குற்றமே செய்யாமல் சரணடைவது போல இருந்தது. அடுத்தது அதற்கு நேர் எதிர்: தெளிவை மேம்படுத்த ஏஐ கருவிகள் பயன்படுத்தப்பட்டன. யார் பயன்படுத்தினார்கள், எங்கே, எதற்கு? ஒன்றும் இல்லை. செயப்பாட்டு வினைக்குள் ஆள் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. பல இடங்களில் பார்க்கும் அறிவிப்பு இந்த ரகம்தான். சொன்னது போலவும் இருக்கும், சொல்லாதது போலவும் இருக்கும்.

மூன்றாவது, தமிழில் சொன்னால், இப்படி: "எஸ்ஓபியில் என்ன இருக்க வேண்டும் என்று அக்டோபரில் சாட்ஜிபிடியிடம் கேட்டேன். அதைக் கொண்டு மெருகேற்றிய ஒரு வரைவு என் பங்கைப் பெரிதாக்கிக் காட்டியதால் கைவிட்டேன். இந்தக் கட்டுரையை நானே எழுதினேன். இலக்கணப் பிழைகளைச் சுட்டிக்காட்ட மட்டும் அதே கருவியைப் பயன்படுத்தினேன். திருத்தங்கள் என்னுடையவை. வரைவுகள் என்னிடம் உள்ளன."

இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். கைவிட்ட வரைவைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அது வேண்டாத சந்தேகத்தைக் கிளப்பும் என்பது என் வாதம். "அதுதான் அண்ணா நடந்ததுலயே முக்கியமான விஷயம்" என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டாள்.

என் பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஷில்கே, ரைமன் இருவரும் 2025-இல் வெளியிட்ட ஆய்வில் 13 சோதனைகள். ஏஐ பயன்படுத்தியதைச் சொன்னவர்கள் மீது, சொல்லாதவர்களைவிட நம்பிக்கை குறைந்தது. ஆனால் தானே சொல்லாமல் பிறர் சொல்லித் தெரியவந்தால் நம்பிக்கை அதைவிட அதிகமாகச் சரிந்தது. சொன்னால் கொஞ்சம் நஷ்டம், மாட்டினால் பெரும் நஷ்டம். வெளிப்படையாக இருந்தால் எல்லாம் நன்மைக்கே என்று பிள்ளைகளிடம் சொல்பவர்கள் அந்த முதல் பாதியை மறைக்கிறார்கள்.

கைடு சிரித்தார்

கைடிடம் சொல்ல வேண்டும் என்றேன். பயந்துகொண்டே போனாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சிரித்தாராம்: "பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு டிராஃப்ட் நீயே எழுதிட்டு வாம்மான்னு சொல்லலாம்னு இருந்தேன்." மாணவர் எழுதிக் கொடுக்கப் பேராசிரியர் கையெழுத்திடும் கடிதங்கள் ஏஐ வருவதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. அதை எந்தப் படிவத்திலும் யாரும் அறிவிப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு எஸ்ஓபியைச் செதுக்கித் தரும் ஆலோசகர்களையும் அப்படித்தான். கடைசியில் அவரே கடிதத்தை எழுதினார். பனித்துளியும் அதில் இருந்ததாக அவளிடம் சொல்லியிருக்கிறார்.

எதிர்ப்பக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக் கணினி அறிவியல் துறை, பிஎச்டி விண்ணப்பங்களை மதிப்பிட கிரேடு என்ற இயந்திரக் கற்றல் அமைப்பை 2013 முதல் பயன்படுத்தியது. முந்தைய ஆண்டுகளின் முடிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, ஒரு விண்ணப்பம் தேறுமா என்று மதிப்பெண் போடும். பழைய பாரபட்சங்களையே அது திரும்பச் செய்யும் என்ற கண்டனங்களுக்கு நடுவே, 2020-இல் அதைக் கைவிட்டார்கள். பெட்டியை நிரப்பச் சொல்கிறவர்களும் தங்கள் பக்கம் ஒரு பெட்டியை நிரப்பி வைத்தால் நன்றாக இருக்கும்.

முடிவுகள்

2025 பிப்ரவரியில், அந்தப் பெட்டி இருந்த பிஎச்டி இடத்திலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தது. பத்தாவது நிமிடத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார்: கைவிட்ட வரைவில் எது பெரிதாக்கப்பட்டிருந்தது? 'ஹெல்ப்டு' 'லெட்' ஆன கதையைச் சொன்னாள். சரி, நீங்கள் உண்மையில் செய்தது என்ன என்றார். பனித்துளிக்கு வந்தாள். மீதி நேரம் முழுக்க, படமெடுத்த நேரத்தை மாடலுக்கும் ஓர் உள்ளீடாகக் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை என்பதிலேயே போனதாம். வெளியே வந்து எனக்கு அழைத்தபோது அவள் குரலில் அவ்வளவு உற்சாகம். நான் எடுக்கச் சொன்ன வாக்கியத்தால்தான் அந்தப் பேச்சே நடந்தது என்பதை மறக்காமல் சொல்லிக்காட்டினாள்.

அந்த இடம் அவளைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டது. ஏப்ரலில், இடம் இல்லை என்று மின்னஞ்சல் வந்தது, காரணம் எதுவும் சொல்லாமல். மௌனமாக இருந்த இரண்டில் ஒன்று சேர்த்துக்கொண்டது, ஒன்று மறுத்தது. இன்னும் இரண்டு இடங்கள் மறுத்தன. முழுத் தடை போட்டிருந்த இடம் உதவித்தொகையோடு அழைத்தது. அங்கேதான் சேர்ந்தாள்.

சேர்ந்த முதல் மாதம், ஆய்வகத்தில் புதிதாக வந்தவர்களுக்கான குறிப்பில் ஏஐ பயன்பாடு பற்றி ஒன்றுமே இல்லை என்று அவள் எழுதியிருந்தாள். குழுக் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்டாளாம். நீயே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள்.